எங்கிருந்து, எத்தனை எழுத்து

ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் நெற்றியில் இருந்த சிவப்பு விளக்குப் பலகை, போகும் ஊரைக் காட்டுவதை விட்டுவிட்டு, நூற்று நாற்பத்தெட்டாம் கதவு எண் வீட்டின் பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று படிக்கத் தொடங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், வேலாங்காட்டுப்புதூர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த பதினேழு பேரில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. எட்டே முக்கால் பஸ் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டதே என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. பட்டுச்சேலை நான்கு, என்று பலகை வலமிருந்து இடமாக ஓடியது, அதில் எலி கடித்தது ஒன்று, பாச்சை உருண்டை ஏழு, ஜாதகம் இரண்டு, இரண்டும் ஒரே ஆளுடையது, பிறந்த வருசம் மட்டும் வேறு வேறு. நூற்று நாற்பத்தெட்டாம் வீட்டுத் தறிக்கார அர்ச்சுனன் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். எலி கடித்தது எனக்கே தெரியாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். கடித்திருந்தது. இரண்டு ஜாதகத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவர் இருக்கும்வரை மற்றவர்களும் பேசவில்லை, அவர் முதுகு மறைந்ததும் பேசினார்கள், ஒன்பதே கால் பஸ்ஸை விட்டுவிட்டும் பேசினார்கள்.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சுகந்தாமணி, முப்பத்து மூன்று வயது, இருநூற்றுப் பதினான்காம் கதவு எண். ஊர்க்கோடியில் பழைய பஞ்சு குடோனுக்குள் பஸ்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் எழுத்து ஓடும் பலகை செய்கிற சிகாமணி எலெக்ட்ரானிக்ஸில் வேலை. அந்தப் பலகைக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய நிரலை எழுதினவள் அவள்தான். எலி கடித்த சேலை எப்படிப் பஸ் நெற்றிக்கு வந்தது என்று அந்தப் பதினேழு பேரில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

விசயம் ரொம்பச் சுலபம். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு பாகம். முன்பக்கம் வாசல், அங்கே யார் போனிலிருந்து வருகிற எந்த நிரலும் வந்து உட்காரலாம், ஆடலாம், விழுந்து எழுந்திருக்கலாம். பின்பக்கம் உள்வீடு, அதற்குக் கெர்னல் என்று பெயர், அங்கே நம்பிக்கையானவர்களுக்கு மட்டும்தான் இடம். உள்வீட்டில் இருந்துகொண்டு, வாசலில் நிற்கிறவர் கேட்டதை எடுத்துவந்து விளக்காக எரியவிடுகிற வேலைக்காரனுக்கு டிரைவர் என்று பெயர். பஸ்ஸை ஓட்டுகிற மாரப்பனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாரப்பனுக்குப் பாவம் இந்தக் கதையில் வேலையே கிடையாது. உள்வீட்டு டிரைவரிடம் எல்லா அறைச் சாவியும் இருக்கும். வாசலில் நிற்பவன் ஒரு சீட்டு நீட்டுவான், அதில் இரண்டே கட்டம்: எங்கிருந்து, எத்தனை எழுத்து. சீட்டை வாங்கினதும் டிரைவர் கேட்க வேண்டும், இது தொடங்குகிற இடமும் உன்னுடையதுதானா, முடிகிற இடமும் உன்னுடையதுதானா என்று. கேட்காத டிரைவர் சாவிக்கொத்தோடு எந்த அறைக்குள்ளும் போவான், யாருடையதையும் எடுத்துவந்து, கேட்டவன் கையில் கொடுத்துவிட்டு, விசுவாசமாக அடுத்த சீட்டுக்குக் கைநீட்டுவான்.

சுகந்தாமணி கேட்கிற டிரைவரைத்தான் எழுதியிருந்தாள். பதினோரு வரி. பலகையை மாட்டிப் பூசணிக்காய் உடைத்த அன்று, கண்டக்டர் நாச்சிமுத்து மாலையோடு பஸ் படியில் நின்று, ஊரே பார்க்க, போனில் ஏதோ ஒரு எண்ணைத் தப்பாக அடிக்க, பலகை கொட்டை எழுத்தில் 'இது உங்கள் இடம் அல்ல' என்று ஓடிவிட்டது. நாச்சிமுத்து வேறு யாரும் இல்லை, முதலாளி சிகாமணியின் சகலை. அந்த ஊரில் கல்யாண வீட்டு வாசலில் வந்து நிற்கிறவனை நீங்கள் யார், எந்தப் பக்கம் என்று கேட்கிற வழக்கமே இல்லை. வாங்க என்று சொல்லி இலையைப் போட்டுவிட வேண்டும். தப்பித் தவறிக் கேட்டுவிட்டால் கேட்கப்பட்டவன் கைகழுவாமலே எழுந்து போவான், அவன் பேரன் காலம்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். நாச்சிமுத்து மாலையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு இறங்கிப் போனான். மச்சினிச்சி சாயங்காலமே போன் போட்டு அழுதாள். மறுநாள் சிகாமணி சுகந்தாமணியைக் கூப்பிட்டு, தான் எதையும் தப்பாகச் சொல்லவில்லை, சும்மா கேட்கிறேன் என்கிற குரலில், பாதி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"நம்மாளுதானே அம்மிணி. நம்மாளுகிட்டப் போயி இது உன்ற எடமான்னு கேக்கலாமா?"

பதினோரு வரியையும் அவள் எடுத்துவிட்டாள்.

பிறகு ஒரு மாசம் ஒன்றும் ஆகவில்லை. வழித்தட ஊர்ப்பெயர்கள் ஒன்றிலிருந்து இருபதாம் இடம்வரை இருந்தன, நாச்சிமுத்துவும் இருபதுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை கையில் டீ இருந்ததால், பதினான்கு ஒரு கட்டத்திலும் எட்டு மறு கட்டத்திலும் அடிக்க வேண்டியவன், எல்லாவற்றையும் முதல் கட்டத்திலேயே அடித்துவிட்டான். நூற்று நாற்பத்தெட்டு. இருபதுக்கு அப்பால் ஊரின் கதவு எண்கள் தொடங்கின. பலகையின் உள்வீட்டுக்கு அடுத்து ஊரின் உள்வீடுகள் எப்படி வரிசையாக வந்து நின்றன என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். புதூரில் யாரும் கேட்கவில்லை.

அவர்கள் கேட்டதெல்லாம் நாளைக்கு யார் வீடு என்பதுதான். ஒரு வாரத்துக்குள் பஸ் ஏறாதவர்களும் எட்டரைக்கே ஸ்டாப்புக்கு வந்தார்கள், பதினைந்து நாளில் டீக்கடைக்காரர் பெஞ்சைத் திருப்பிப் போட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டுக்குப் போகும் முன் ஸ்டாப்பில் இறங்கி அந்த வீட்டு எண்ணைக் கண்டக்டரிடம் பணிவாகச் சொன்னார்கள். பலகைக்காகவே பீரோவில் சாமான் வைக்கிறவர்கள் வந்தார்கள். வாசிக்கத் தெரியாத வீட்டில் ஆங்கில அகராதி மூன்று என்று ஓடியது, பிள்ளையில்லாத வீட்டில் வயலின் ஒன்று என்று ஓடியது. பூட்டுக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு நாச்சிமுத்துவிடம் சண்டைக்குப் போனார், போனவரிடம் நாச்சிமுத்து அவர் குரலிலேயே, அந்தக் கரகரப்போடு, அந்த நடு இருமலோடு, அண்ணாத்தே அலிகார் பூட்டுங்க, யானை இழுத்தாலும் வராதுங்க என்று சொல்லிக் காட்டினான், பூட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு அது கைவந்த கலை. யார் குரலையும் அவன் தொண்டையில் வைத்திருந்தான். எந்த வீடு ஓடுகிறதோ அந்த வீட்டுக்காரர் குரலிலேயே பலகையைச் சத்தமாகப் படிப்பான், படித்து முடிக்கும்போது வீட்டுக்காரர் இரண்டு முறை அவமானப்பட்டிருப்பார், ஒருமுறை சாமானால், ஒருமுறை குரலால்.

நடமாடுவதைப் பலகை படிக்காது. நாய், கோழி, ஓடியாடும் மனிதர்கள் யாரும் அதன் கணக்கில் இல்லை. இருந்த இடத்தில் இருப்பதைத்தான் அது படிக்கும். முப்பத்தொன்றாம் எண்ணை அடித்தபோது, குத்துவிளக்கு ஒன்று, கட்டில் ஒன்று, சென்னியப்பன் ஒன்று, படுக்கைப்புண் மூன்று என்று ஓடியது. பக்கவாதத்தில் விழுந்த சென்னியப்பனின் மகன்கள் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். இரண்டு புண்தானே என்று பெரியவன் சின்னவனைக் கேட்டான், சின்னவன் மனைவிக்குப் போன் போட்டான். அதற்குப் பிறகு அவர்கள் சக்கர நாற்காலி ஒன்று வாங்கி, தினமும் எட்டரையிலிருந்து ஒன்பதுவரை கிழவரை வீட்டுக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும் அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கும் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். பலகையில் சென்னியப்பன் அப்புறம் வரவில்லை. புண் நான்காயிற்று.

அதைக் கேட்டு ஸ்டாப்பே சிரித்தபோது சுகந்தாமணி சிரிக்கவில்லை. அவள் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டில் இருந்தது, அதில் அவள் அம்மா ராமாத்தாள் இருந்தாள், வயது அறுபத்தொன்று, புத்தி போய் மூன்று வருசம். திறந்துவிட்டால் ரோட்டுக்குப் போய்விடுவாள். ஒருதரம் சேலை இல்லாமல் சந்தைப்பேட்டை வரைக்கும் போயிருந்தாள், நல்லவேளை சந்தை இல்லாத நாள். அதனால் சுகந்தாமணி வேலைக்குக் கிளம்பும்போது கட்டில் காலுக்கும் அம்மாவின் வலது காலுக்கும் நைலான் கயிறு கட்டுவாள், தோல் உரியாமல் இருக்கப் பழைய துண்டைச் சுற்றி அதன்மேல் கட்டுவாள், மூன்று முடிச்சு, கைக்கு எட்டும் தூரத்தில் தயிர்ச்சோறு. அம்மா சௌக்கியமா என்று யாராவது கேட்டால் ஓசூரில் தங்கை வீட்டில் இருப்பதாகச் சொல்வாள். இரண்டு வருசமாக ஊரும் அதை நம்பிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் கல்யாணப் பேச்சு வந்து, அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற ஒரே கேள்வியில் எழுந்து போனபிறகுதான் அம்மா ஓசூர் போனாள். இப்போது மூன்றாவதாக, பொன்னிக்கரட்டிலிருந்து சௌந்தரராஜன் என்று ஒரு போர்வெல் லாரிக்காரர், வயது முப்பத்தெட்டு. போனில் பேசினவரை நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவளுக்கு நான்காவது வராது என்று தெரியும்.

பக்கத்து வீட்டு இருநூற்றுப் பதின்மூன்றில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற சரசம்மா இருந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். உன்ற வீட்டுல பகல்ல யாரோ முனகறாப்டி இருக்குதே என்று ஒருதரம் கேட்டாள். ரேடியோங்க அத்தை, அணைக்க மறந்துட்டேன் என்று சுகந்தாமணி சொன்னாள். ரேடியோதானா என்று சரசம்மா சொல்லிவிட்டு முருங்கைக்காய் கொடுத்தாள். இரண்டு வருசமும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, சரசம்மாவும் முருங்கைக்காய் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சுகந்தாமணி சிகாமணியிடம் போய்ப் பதினோரு வரியையும் திரும்பச் சேர்த்துவிடலாமா என்று கேட்டாள். அவர் அவளை உட்காரவைத்து, பக்கத்து நான்கு ஊர்களில் இருந்து இதே மாதிரிப் பலகை வேண்டும் என்று வந்திருக்கும் கடிதங்களைக் காட்டினார். கேட்காத டிரைவர்தான் வேண்டும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஒரு ஊரில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள், அறுநூறு பேர். ஊரே சந்தோசமா இருக்குது, அதுல போயி நீ எதுக்கு அம்மிணி மண்ணள்ளிப் போடறே என்றார் சிகாமணி. அவர் வீட்டு எண் நானூறுக்கு மேல், பலகைக்கு எட்டாது. சுகந்தாமணியே அளந்து சொல்லியிருந்தாள்.

அவள் யாரையும் கேட்காமலும் சேர்த்திருக்கலாம். டிப்போவில் பஸ் நிற்கும் மத்தியானத்தில் பத்து நிமிசம் போதும். போனாள். ஏணியில் ஏறிப் பலகையின் முதுகைத் திறந்து வயரைச் சொருகி, பதினோரு வரியையும் அடித்து முடித்து, ஏற்றப் போகிற நேரத்தில் அவளுக்கு எண்பத்தெட்டாம் வீடு ஞாபகம் வந்தது.

எண்பத்தெட்டாம் வீட்டு மகன்தான் அவளை முதலில் பார்த்துவிட்டு எழுந்து போனவன். பிறகு வெள்ளகோவில் பக்கம் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து, பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, சுகந்தாமணி ஏறினால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். போன புதன்கிழமைதான் சுகந்தாமணி நாச்சிமுத்துவிடம் டிக்கெட் வாங்கும்போது, எண்பத்தெட்டை இன்னும் படிக்கவே இல்லையே அண்ணா என்று சொல்லியிருந்தாள். வியாழக்கிழமை ஓடியது. அடுப்படிப் பரணில் அட்டைப்பெட்டி ஒன்று, அதில் கைக்குழந்தைச் சட்டை ஆறு, ஒன்றும் உடுத்தாதது, ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்று. நாச்சிமுத்து அந்தப் பெண்ணின் மெல்லிய குரலில், வெள்ளகோவில் இழுப்போடு, ஒவ்வொரு சட்டையாக நிறத்தைச் சொல்லிப் படித்தான், ஸ்டாப்பில் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தப் பெண் அப்புறம் பஸ்ஸுக்கு வரவில்லை, ஜன்னலோர இடம் காலியாக இருந்தது, சுகந்தாமணி அதில் உட்கார்ந்து பார்த்தாள். நல்ல காற்று.

ஏணிமேல் நின்று அதை நினைத்துப் பார்த்தவள் பதினோரு வரியையும் அழித்தாள். ஒரே ஒரு வரி எழுதினாள்: எங்கிருந்து என்ற கட்டத்தில் இருநூற்றுப் பதினான்கு என்று வந்தால் ஒன்றும் காட்டாதே. ஏற்றிவிட்டு இறங்கினாள்.

ஊரில் மற்ற வீடெல்லாம் ஒருசுற்று ஓடி முடிந்தபிறகுதான் அது வெளியே வந்தது. இருநூற்றுப் பதினான்கை அடித்தால் பலகை கறுப்பாக நின்றது, ஒரு புள்ளிகூட எரியவில்லை. எலி கடித்ததையும் படுக்கைப்புண்ணையும் கைக்குழந்தைச் சட்டையையும் பார்த்துப் பழகியிருந்த ஜனங்களுக்கு, ஒன்றுமே இல்லாத ஒரு வீடு தாங்கமுடியாததாக இருந்தது. உன்ற வீட்டுல ஒரு வெளக்கமாறு கூடவா இல்லை என்று டீக்கடையில் கேட்டார்கள். தங்கம் வைத்திருக்கிறாள் என்றார்கள், ஆள் வைத்திருக்கிறாள் என்றார்கள், ஓசூர்க்காரி தங்கை அனுப்பிய ஏதோ மெசின் வைத்திருக்கிறாள் என்றார்கள். நாச்சிமுத்து அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போது, அவள் குரலிலேயே, அந்த அடங்கின, காற்றுக் கலந்த குரலிலேயே சொன்னான்.

"எங்கூட்ல ஒண்ணுமே இல்லீங்ணா. ரேடியோ மட்டுந்தானுங்."

சரசம்மா ரேடியோ விசயத்தை யாரிடம் சொன்னாள் என்று சுகந்தாமணி விசாரிக்கவில்லை. அன்று வந்த முருங்கைக்காயையும் வாங்கிக்கொண்டாள்.

பொன்னிக்கரட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மா வள்ளியாத்தாளுக்குக் காரில் ஏறினால் வாந்தி வரும், பஸ்ஸில்தான் வருவாள், எதிர்த்திசையில் இருந்து வரும் பஸ்ஸில் எட்டரைக்கே வந்து ஸ்டாப்பில் இறங்கிவிடுவார்கள். கூட்டிப் போகச் சுகந்தாமணியே வர வேண்டும், வீட்டில் வேறு ஆள் இல்லையே. முதலாளி சிகாமணி வீட்டில் வைத்துப் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. காலையில் கயிற்றைக் கட்டும்போது, இன்று ஒருநாள் அவிழ்த்துவிட்டு வெளியே பூட்டினால் என்ன, நடமாடுகிறவளைப் பலகை படிக்காதே என்று அவளுக்குத் தோன்றியது. அப்புறம் சந்தைப்பேட்டை தோன்றியது. அந்த ஒரு வரி இருக்கிறது என்று தோன்றியது. மூன்று முடிச்சுக்குப் பதிலாக நான்கு போட்டாள். தூரத்தில் ஏதோ லாரி ஹாரன் அடிக்க, ராமாத்தாள் தலையைத் தூக்கி, வந்தாச்சு, வந்தாச்சு என்றாள். எந்த ஹாரன் கேட்டாலும் அவள் சொல்வது அது ஒன்றுதான்.

ஸ்டாப்பில் வள்ளியாத்தாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கனத்த உடம்பு, வெற்றிலை வாய், மகன் பையோடு பக்கத்தில் நின்றார். வள்ளியாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொறுமையான பொண்ணுதானா, கோவம் வருமா, தூக்கம் கெட்டாத் தாங்குமா என்று மூன்று கேள்வி கேட்டாள். சுகந்தாமணி மூன்றுக்கும் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் நம்பர் வந்து நின்றது.

நாச்சிமுத்துவுக்கு அன்று இருநூற்றுப் பதினான்கின் மேல் கண்ணே இல்லை, அதை அவன் பின்னால் சத்தியம் பண்ணியே சொன்னான். சரசம்மா சத்துணவுக்கூடத்தில் இருந்து எத்தனை தட்டு எடுத்துவந்திருக்கிறாள் என்று ஒரு பந்தயம், பாதியிலேயே பலகை நின்றுவிடுகிறது, முழுசாக எண்ண வேண்டும். அதனால் எங்கிருந்து என்ற கட்டத்தில் இருநூற்றுப் பதின்மூன்று போட்டான். எத்தனை எழுத்து என்ற கட்டத்தில் ஒன்பதை விரல் எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான்.

அவன் அழுத்துவதைச் சுகந்தாமணி பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் ஒரு வரி தொடக்கத்தை மட்டும்தான் கேட்கும், முடிவைக் கேட்காது. இருநூற்றுப் பதினான்கில் தொடங்கினால் தடுக்கும். பதின்மூன்றில் தொடங்கிப் பதினான்குக்குள் நடந்து வந்தால் வாங்க என்று சொல்லும். டிரைவருக்குச் சுவர் தெரியாது, அவனுக்குச் சீட்டுதான் தெரியும்.

எவர்சில்வர் தட்டு நாற்பத்திரண்டு, என்று பலகை ஓடியது, ஸ்டாப் கைதட்டியது. டம்ளர் அறுபது. முட்டை அட்டை பதினொன்று, முட்டை இல்லாதது. நாச்சிமுத்து சரசம்மா குரலில் படித்துக்கொண்டு வந்தான், சரசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தானும் சிரித்தாள். கொண்டைக்கடலை மூட்டை ஒன்று, வண்டு விழுந்தது. இறந்த கணவரின் பல்செட் ஒன்று. முருங்கைக்காய் பதினான்கு. வெள்ளையடிக்காத சுவர் ஒன்று.

சுவருக்கு அப்புறம் பலகை ஒரு கணம்கூட நிற்கவில்லை. இந்தப் பக்கம் வெள்ளையடித்தது, என்று ஓடியது. பூட்டின கதவு ஒன்று. ஜன்னல் ஒன்று, ஆணி அடித்து மூடினது. ரேடியோ இல்லை. தயிர்ச்சோறு ஒரு கிண்ணம், கொட்டினது. மூத்திர வாளி ஒன்று. கட்டில் ஒன்று. நைலான் கயிறு ஐந்து முழம். முடிச்சு நான்கு. ராமாத்தாள் ஒன்று.

நாச்சிமுத்துவின் வாயில் சரசம்மா குரல் பாதியில் நின்றது. இரண்டு நொடி ஸ்டாப்பே அமைதியாக இருந்தது, அந்த இரண்டு நொடியில் ஊர் வெட்கப்பட்டிருக்கலாம், அழுதிருக்கலாம், நாலு பேர் ஓடிப் போய்க் கதவை உடைத்திருக்கலாம். நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு, இரண்டு வருசமாக யாரும் கேட்டிராத ராமாத்தாளின் குரலை, அங்கன்வாடியில் ஆயாவாக இருந்தபோது அவனுக்கே சத்துமாவு உருண்டை கொடுத்த அந்தக் குரலை, அச்சுப் பிசகாமல் எடுத்து, கட்டில் ஒண்ணு கண்ணு, கவுறு ஒண்ணு கண்ணு, ஏறுங்க ஏறுங்க என்று விசிலை ஊதினான். ஸ்டாப் சிரித்தது. நீண்ட நாள் பசி தீர்ந்த மாதிரிச் சிரித்தது. எண்பத்தெட்டாம் வீட்டுப் பெண், அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அன்றைக்கென்று பார்த்து முதல் தடவையாக வெளியே வந்திருந்தவள், ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்து, சிரிக்காமல், சுகந்தாமணியின் முகத்தை மட்டும் கவனமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

பஸ் போனபிறகு சரசம்மா பக்கத்தில் வந்தாள். ரேடியோன்னு சொன்னயே அம்மிணி என்றாள், திட்டுகிற குரலில் இல்லை, கடன் கொடுத்த சல்லடையைத் திரும்பக் கேட்கிற குரலில்.

சுகந்தாமணி மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் எழுந்து போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள், ஏற்கெனவே இரண்டு முறை கேட்ட சத்தம்தான், முதலில் செருப்பு, அப்புறம் பை. கேட்கவில்லை. வள்ளியாத்தாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காரு. எந்தக் கால்ல கட்டறே?"

"வலது காலுங்க."

"அதான் சோத்தக் கொட்டிப் போட்டாங்க. எடதுல கட்டோணும். ஒதைக்கறது வலது காலு, அதைக் கட்டுனா இன்னும் ஒதைக்கும்."

பிறகு வள்ளியாத்தாள் நிதானமாகச் சொன்னாள். அவள் புருசனுக்கும் இப்படித்தான், நாலு வருசம் ஆயிற்று. ஆள் வைத்துப் பார்த்தாயிற்று, யாரும் தங்குவதில்லை. சௌந்தரராஜனுக்கு ஆறு இடத்தில் பெண் பார்த்தார்கள், மாமனாருக்கு என்ன என்று கேட்டவுடன் ஆறும் எழுந்து போயிற்று. ஏழாவது வேண்டாம் என்று மகன் சொன்னபோதுதான் இந்தப் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டாளாம். எல்லா வீடும் ஓடுகிற ஊரில் ஒரு வீடு மட்டும் கறுப்பாக நிற்கிறது, அங்கே கல்யாணமாகாத ஒரு பெண் இருக்கிறாள் என்று சொன்னார்களாம். உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டதாம். முடிச்சு எத்தனை என்றுதான் தெரியாமல் இருந்தது.

சௌந்தரராஜன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர்தான்.

"அந்தப் புள்ளைகெல்லாம் போயிருச்சு," என்றாள் வள்ளியாத்தாள், சுகந்தாமணியின் கன்னத்தைத் தடவிக்கொண்டே. "நீ எங்க போவே?"

கல்யாணம் ஆவணியில் நடந்தது. ஊர் முழுக்க வந்தது, வாசலில் யாரும் யாரையும் நீங்கள் யார் என்று கேட்கவில்லை. மண்டபத்துப் பலகையைச் சிகாமணியே இலவசமாக மாட்டினார், மணமக்கள் பெயர் ஓடியது, நடுநடுவே எவனோ போனில் எதையோ அடிக்க, மணப்பெண் அறைப் பெட்டியில் புதுக் கயிறு இரண்டு என்றும் ஓடியது, பந்தியில் இருந்தவர்கள் பாயசத்தோடு சிரித்தார்கள்.

பொன்னிக்கரட்டில் பின்னறை பெரியது, இரண்டு கட்டில் போட இடம் இருந்தது, சொன்னபடியே ராமாத்தாளையும் கூட்டிப் போனார்கள். மறு வருசம் அந்த ஊர் பஸ்ஸுக்கும் பலகை வந்தது. அதற்கு டிரைவர் எழுதினவள் சுகந்தாமணிதான், வீட்டிலிருந்தே எழுதினாள், ஒரு மாசம் எழுதினாள், இரண்டு கட்டிலுக்கும் நடுவே மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எழுதினாள். அவ்வளவு நல்ல டிரைவரை யாரும் எழுதியதில்லை. தொடங்குகிற இடம் கேட்டவனுடையதா என்று கேட்டது, முடிகிற இடமும் அவனுடையதா என்று கேட்டது, இரண்டையும் கூட்டும்போது எண் பெருத்து, கட்டத்துக்குள் அடங்காமல் சுற்றிக்கொண்டு, சின்ன எண்ணாக வேசம் போட்டு வருகிறதா என்றும் கேட்டது. மாமனாரே வந்து அடித்தாலும் கேட்டது, மாமியாரே வந்து அடித்தாலும் கேட்டது. பதினோரு வரிக்குப் பதில் நாற்பது வரி. எவனும் எந்தச் சீட்டை நீட்டியும் அதனிடமிருந்து ஒரு எழுத்தைக்கூட வாங்க முடியவில்லை.

அதனால் பொன்னிக்கரட்டில் யார் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மானமரியாதையான ஊர் என்று அக்கம்பக்கத்தில் பெயர். தினமும் காலை எட்டே முக்காலுக்குப் பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கும், பின்னறையில் ஒரு கட்டிலில் இருந்து வந்தாச்சு என்று ஒரு குரல் வரும், அடுத்த கட்டிலில் இருந்து வந்தாச்சு, வந்தாச்சு என்று இன்னொரு குரல் அதைப் பிடித்துக்கொள்ளும், இரண்டு இடது கால்கள் கயிற்றை இழுத்துப் பார்க்கும். வெளியே பஸ்ஸின் நெற்றியில் சிவப்பு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும், பொன்னிக்கரடு, பொன்னிக்கரடு என்று, அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லாமல்.